சீமெந்தை உடைத்த முற்றம்

வணக்கம் நேயர்களே.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் இடையில் ஒரு பழைய வீட்டில் 22 வருடமாக முன்பள்ளி நடத்துகிறேன். ஒரு ஜம்பு மரம், ஒரு வேம்பு, பத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஓடினால் முட்டிக்கொள்கிற ஒரு முற்றம். எங்களிடம் இருக்கிற இயற்கை அவ்வளவுதான். இயற்கையோடு சேர்ந்த முன்பள்ளி என்றதும் காட்டையும் ஆற்றையும் நினைப்பவர்கள் இருப்பீர்கள். அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2017ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்த வருடம் மட்டும் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு என்று பதிவானது. எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு ஒருவர் படுத்திருந்தார்கள். "ரீச்சர், இந்த மண்ணை மூடிவிடுங்கள், பிள்ளைகளுக்குப் பயமாக இருக்கிறது" என்று பெற்றோர் வந்து நின்றார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், எனக்கும் பயம்தான். மேசன் பாஸ் வந்தார், இரண்டே நாளில் முற்றம் முழுக்கச் சீமெந்து.

பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பத்து மணிக்கே தரை சுட்டது. விழுந்த பிள்ளைக்கெல்லாம் முழங்கால் உரிந்தது. எல்லோரும் விறாந்தையில் ஒதுங்கினார்கள். ஒதுங்கிய இடத்தில் சண்டை. நுளம்பாவது குறைந்ததா? பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருநாள் ஏணி வைத்து ஏறிக் கூரைப் பீலியைப் பார்த்தார். ஜம்பு இலை அடைத்து, தெளிந்த தண்ணீர் தேங்கி, அதற்குள் குடம்பி நெளிந்துகொண்டிருந்தது. டெங்கு நுளம்பு வெறும் மண்ணில் முட்டை இடுவதில்லை. அதற்குத் தேங்கி நிற்கிற தண்ணீர் வேண்டும். பீலி, பூச்சாடித் தட்டு, சிரட்டை, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற தட்டு, இவை போதும். தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்த இடத்தை மூடிவிட்டு, தேங்குகிற இடத்தை விட்டுவைத்திருந்தோம்.

அடுத்த தை மாதம் அதே மேசன் பாஸைக் கூப்பிட்டுச் சீமெந்தை உடைப்பித்தேன். கீழே இருந்த மண்ணைப் பார்க்கவே மனம் பொறுக்கவில்லை. வெளிறி, கட்டிபட்டு, மணமே இல்லாமல் கிடந்தது. பிள்ளைகள் தினமும் சின்ன வாளியில் தண்ணீர் ஊற்றினார்கள், சருகு கொண்டுவந்து போட்டார்கள். முதலில் எறும்பு வந்தது. அப்புறம் வேம்புப் பக்கமாகப் புல். வைகாசியில் பருவமழை பெய்த மறுநாள் ஒரு பிள்ளை ஓடிவந்து, "ரீச்சர், மண்ணுக்குள்ளே நூடில்ஸ்!" என்றது. மண்புழு. எல்லோரும் சுற்றிக் குந்தினார்கள். இருபது நிமிடம் ஒருவரும் அசையவில்லை. "இதுக்கு முகம் எந்தப் பக்கம்?" என்று ஒருவன் கேட்டான். எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்போம் என்றேன். பார்த்தோம்.

அலுவலக அறையில் எங்கள் விழுமியங்களைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தோம். 'இயற்கையை நேசித்தல்' என்பதுதான் முதல் வரி. அந்தச் சட்டத்துக்குக் கீழே இருந்துதான் சீமெந்துக்கு விலை பேசினேன் என்பது அந்த மண்புழுவைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அதைக் கழற்றிவிட்டோம். இப்போது எந்த விழுமியத்தையும், ஒரு காலைப் பொழுதில் வந்து நின்றால் கண்ணால் பார்க்கக்கூடிய மாதிரித்தான் எழுதுகிறோம். குந்தியிருந்து ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளையை மணி அடித்தாலும் கூப்பிடமாட்டோம். புரட்டிப் பார்த்த கல்லைத் திரும்ப அதே இடத்தில் வைப்போம், அடியில் மரவட்டையின் வீடு இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளே தேடித்தேடித் தேங்கிய தண்ணீரைக் கவிழ்ப்பார்கள். முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் ஆகும், அதனால் கிழமைக்கு ஒரு தடவை கட்டாயம். பீலி மட்டும் பெரியவர்கள் வேலை.

இது புதிதாக முளைத்த யோசனை இல்லை. ஜெர்மனியில் ஃப்ரோபெல் என்ற கல்வியாளர் 1840இல் தன் பள்ளிக்கு 'கிண்டர்கார்டன்', அதாவது 'பிள்ளைகளின் தோட்டம்' என்று பெயர் வைத்தபோது, பிள்ளைகளுக்கு உண்மையாகவே ஆளுக்கொரு பாத்தி கொடுத்தார். பின்லாந்தில் சில பராமரிப்பு நிலையங்களின் முற்றத்தில் காட்டுத் தரையையும் புல்லையும் கொண்டுவந்து போட்டு, 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளை 28 நாள் விளையாட விட்டார்கள். அவர்கள் தோலில் வாழும் நுண்ணுயிர்களின் வகைகள் கூடின, நோயெதிர்ப்பு சீராவதற்கான அறிகுறிகளும் இரத்தத்தில் தெரிந்தன. 2020இல் அந்த ஆய்வு வெளிவந்தது. "ஊத்தை படும் ரீச்சர்" என்கிற அம்மாமாருக்கு இதைத்தான் சொல்கிறேன். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித்தான் சாப்பிட விடுகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

சரி, இந்த வருடம் எதைத் திருத்தப்போகிறோம்? முதலாவது மழை. கொழும்பில் வருடத்துக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. மழை என்று உள்ளே இருந்தால் பாதி வருடம் உள்ளேதான். இடி மின்னல் இல்லாத நாளில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு அரை மணிநேரமாவது வெளியே நிற்பது என்று முடிவு. தடிமன் பிடிக்கும் என்று அம்மம்மாமார் கவலைப்படுகிறார்கள். அவர்களையும் ஒருநாள் கூப்பிட்டிருக்கிறோம், மழையில் நனைந்த தங்கள் காலத்துக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல.

அடுத்தது எங்கள் வாய். மரத்தில் ஏறுகிற பிள்ளையைப் பார்த்து "கவனம், கவனம்!" என்று கத்துகிறோம். அதில் பிள்ளைக்கு ஒரு தகவலும் இல்லை, எங்கள் பயம் மட்டும்தான் போய்ச் சேருகிறது. "அடுத்த காலை எங்கே வைக்கப்போகிறாய்?" என்று கேட்டால் பிள்ளை கீழே பார்க்கும், கொப்பைத் தொட்டுப் பார்க்கும். சொல்ல லேசு, பழக்கத்துக்கு வரக் கஷ்டம். ஒரு ரீச்சர் மற்ற ரீச்சரைக் கவனித்துக் குறித்துவைக்கிறோம்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கைகாட்டுகிறார்கள். கடைசியாக வைத்திருந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தத் தவணை ஒரு பிள்ளை சக்கர நாற்காலியில் வருகிறாள். ஜம்பு மரத்தடிக்கு நாங்கள்தான் தூக்கிக்கொண்டு போகிறோம். அவள் தானாகப் போகவேண்டும். இறுக்கிய மண்ணில் ஒரு பாதை, அவள் கை எட்டுகிற உயரத்தில் ஒரு பாத்தி, ஆவணிக்குள் முடிக்கவேண்டும். செங்கல் சொல்லியாயிற்று. வணக்கம்.