பூவில் நுழைந்து பழத்தில் தெரிவது

நேயர்களுக்கு வணக்கம். காலை ஒன்பது மணியாகியும் மூட்டம் விலகாத நாட்களில்தான் கொடைக்கானல் பக்கம் ஸ்ட்ராபெரி போட்டவர்களிடமிருந்து எனக்கு போன் வரும். "சார், நேத்து நல்லாத்தான் இருந்துச்சு. இன்னைக்குப் பார்த்தா பழமெல்லாம் பஞ்சு பூத்துக் கெடக்கு."

நேற்று கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பூ விரிந்து பழம் சிவக்க ஏறக்குறைய 30 நாள் ஆகும். போட்ரைடிஸ் என்கிற இந்தப் பூஞ்சாணம் பூவிலேயே நுழைந்துவிடும். காய் பச்சையாக இருக்கும்வரை சத்தமில்லாமல் கிடந்து, பழுக்கும்போது கிளம்பும். அழுகத் தொடங்கிய பழத்தின் காம்புப் பக்கம் பாருங்கள். காய்ந்த பூவிதழ் ஒன்று ஒட்டியிருக்கும். பெரும்பாலும் அங்கிருந்துதான் அழுகல் இறங்கும். பழம் அழுகிய பிறகு மருந்தடிக்கச் சொல்லி, ஒரு விவசாயியின் பணத்தை நானே ஆரம்பத்தில் வீணாக்கியிருக்கிறேன். பாதுகாப்பு பூக்கும்போது வேண்டும்.

இன்னொரு குழப்பம். இந்தப் பழ அழுகலையும் 'சாம்பல்' என்கிறார்கள், இலை மேல்நோக்கிச் சுருண்டு அடியில் வெள்ளை மாவு படிவதையும் 'சாம்பல்' என்கிறார்கள். கடையில் போய்ச் 'சாம்பலுக்கு மருந்து' என்றால் கடைக்காரர் எதைத் தருவார்? மாவு படிவதற்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து அடிக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம் போதும், உச்சி வெயிலில் அடிக்காதீர்கள். பழ அழுகல் அதற்குக் கட்டுப்படாது.

அழுகலுக்கு முதல் மருந்து ஈரத்தைக் குறைப்பது. தெளிப்பானை நிறுத்திச் சொட்டுநீருக்கு மாறுங்கள். மேட்டுப்பாத்தியில் மல்ச்சிங் ஷீட், அதாவது மண்ணை மூடும் விரிப்பு, விரித்தால் பழம் மண்ணில் படாது. நெருக்கி நடாதீர்கள். யூரியாவை அள்ளிப் போட்டால் இலை தழைக்கும், உள்ளே காற்று நுழையாது. பூக்கும் சமயம் மழையோ விடாத பனியோ இருந்தால் மட்டும் பூஞ்சாணக்கொல்லி அடிக்கலாம். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் இந்தப் பூஞ்சாணம் சீக்கிரம் பழகிக்கொள்ளும். வேறு வகை மருந்தை மாற்றி அடியுங்கள். அடித்தபின் எத்தனை நாள் பறிக்கக்கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். தோட்டத்திலேயே பறித்து வாயில் போடுகிற பழம் இது.

பறிக்கப் போகும்போது பனி காய்ந்திருக்கட்டும். அழுகல் பழத்தைத் தொட்டாலே பூஞ்சாணத்தின் வித்து புகைபோலப் பறக்கும். அதே கையால் நல்ல பழத்தைத் தொடாதீர்கள். விற்கிற பழத்தை முதலில் பறித்து முடியுங்கள். பிறகு மூடியுள்ள வாளி ஒன்றோடு திரும்பி வந்து, அழுகலையும் காய்ந்த இலையையும் பொறுக்கித் தோட்டத்துக்கு வெளியே குழியில் போட்டு மூடுங்கள். வாய்க்காலில் வீசினால் நாளைக்கு அங்கிருந்தே பூவுக்கு வரும்.