கையுறையோடு கழற்ற முடியுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

நம் நீலகிரியில் டிசம்பர், ஜனவரி விடியலில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும். உறைபனி என்கிறோம். ஒரு மைதானம் முழுக்கச் சுரண்டினாலும் ஒரு டம்ளர் தண்ணீர் தேறாது. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு பனிவண்டியைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள். காரணம் இருக்கிறது. ராணுவத்தில் வண்டிகளையும் கருவிகளையும் பழுது பார்க்கும் இஎம்இ பிரிவில் மெக்கானிக்காக இருந்தபோது காஷ்மீரில் இரண்டு குளிர்காலம் இந்த வண்டிகளோடுதான் கழிந்தது. இப்போது கோத்தகிரிப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். தேயிலை வெட்டும் மிஷினும் ஸ்கூட்டரும்தான் அதிகம் வரும். அவற்றைக் கழற்றும்போதெல்லாம் அங்கே கழற்றிய வண்டி நினைவுக்கு வந்துவிடும். உள்ளே இருப்பது பாதிக்கு மேல் அதே சாமான்தான்.

வண்டியை முதலில் மனசில் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னால் சறுக்குவதற்கு இரண்டு ஸ்கீ. ஹேண்டில் பார் இவற்றைத் திருப்பும். பின்னால் சக்கரத்துக்குப் பதில் ரப்பரில் செய்த அகலமான ட்ராக், செயின் பொக்லைனில் இருப்பது போலச் சுற்றி வரும். பொதுப்பேர் ஸ்னோமொபைல். நாங்கள் ஸ்னோ ஸ்கூட்டர் என்போம்.

இதன் சூட்சுமம் புரிய நம் மலை ரயில் போதும். கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் தொடங்குகிறது. 12 அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றத்தில் வெறும் இரும்புச் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் இன்ஜினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் அந்தச் சட்டத்தைப் பிடித்துப் பிடித்து ஏறுகிறது. 1899-இல் குன்னூர் வரை வந்த ஏற்பாடு, இன்றைக்கும் அதேதான். பனிவண்டியிலும் ஒரு பல்சக்கரம் உண்டு. ஆனால் பனிமலையில் யார் சட்டம் பதித்து வைப்பார்கள்? வண்டியே தன் பாதையைச் சுமந்துபோய், முன்னால் விரித்து, பின்னால் சுருட்டிக்கொள்கிறது. அதுதான் ட்ராக்.

இந்த ஏற்பாட்டைத் தேற்றியவர் கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த ஜோசப்-அர்மான் பொம்பார்டியே. ஊர் மெக்கானிக். 1934-இல் அவருடைய இரண்டு வயது மகனுக்கு வயிற்று நோய் முற்றியபோது, பாதையைப் பனி மூடிக் கிடந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. குழந்தை இறந்துபோயிற்று. மண்சரிவில் ரோடு அடைபட்டு நோயாளியோடு காத்திருந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 1937-இல் ஏழு பேர் போகக்கூடிய பனிவண்டியைக் கொண்டுவந்தார். ஒருவர் இருவர் ஏறும் சின்ன வண்டியான ஸ்கீ-டூ வர 1959 ஆயிற்று. எடை குறைந்த இன்ஜின் கிடைக்க அவ்வளவு காலம் பிடித்தது.

எடைதான் இந்த வண்டியின் தலையெழுத்து. முழங்கால் வரை புதையும் பனியில் மேலேறுகிற வண்டி கனமாக இருந்தால் அங்கேயே குழி தோண்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதனால் மலை வண்டிகள் தனி ரகம். சாதாரண வண்டியின் ட்ராக் 129 அல்லது 137 அங்குலச் சுற்று என்றால், மலை வண்டிக்கு 154-இல் தொடங்கி 174 வரை போகும். ட்ராக்கின் வெளிப்புறத்தில் துடுப்பு மாதிரி ரப்பர் மடல்கள், இரண்டரை முதல் மூன்று அங்குல உயரம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி 200 கிலோ, உடுப்போடு ஆள் 100 கிலோ. தரையில் படிகிற ட்ராக் பரப்புக்குப் பங்கிட்டால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 50 கிராம். நாம் ஒற்றைக் காலில் நின்றாலே கிட்டத்தட்ட 250 கிராம் வரும். அப்புறம், ஸ்கீ இரண்டையும் நெருக்கமாக வைப்பார்கள், 36 அங்குலம் போல. சரிவில் குறுக்கே போகும்போது வண்டியை மலைப்பக்கமாகச் சாய்த்து ஓட்ட வேண்டும். அகலக்கால் வைத்த வண்டி சாயாது.

தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். காஷ்மீரின் குல்மார்க்கும் ஏறக்குறைய அதே உயரம். அட்சரேகைதான் வேறு, அதனால் அங்கே ஆள் உயரம் பனி விழுகிறது, இங்கே சுற்றுலாப் பயணிகள் சோளம் தின்கிறார்கள். ஆனால் இன்ஜினுக்கு அட்சரேகை தெரியாது, உயரம் தெரியும். மேட்டுப்பாளையத்தில் துள்ளிய பைக் ஊட்டிக்கு வந்ததும் ஏன் சோர்கிறது? காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. பெட்ரோல் அதே அளவு போகிறது. பிளக் கறுத்துவிடும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் போகும் துளையான ஜெட்டை நாங்கள் சின்னதாக மாற்றுவோம். அங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. உயரத்துக்குச் சின்ன ஜெட் வேண்டும், குளிருக்குப் பெரிய ஜெட் வேண்டும், ஏனென்றால் குளிர்ந்த காற்று அடர்த்தி. மதிய வெயிலில் சரியாக வைத்த வண்டி இரவு மைனஸ் 20-இல் பெட்ரோல் போதாமல் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அப்படி ஒரு இன்ஜினை நான் நாசம் செய்திருக்கிறேன். யாரோ செய்ததாகச் சொல்லி மழுப்ப விருப்பமில்லை. இப்போதைய வண்டிகளில் சென்சார் பார்த்து ஊசி வழியாகப் பெட்ரோல் போகிறது. அந்தத் தலைவலி தீர்ந்தது.

இன்ஜின் பெரும்பாலும் டூ-ஸ்ட்ரோக். ஆர்எக்ஸ் 100 பைக்கைப் பிரித்துப் பழகிய கைக்கு அதில் புதுமை இல்லை. ரிவர்ஸ் கியர் மட்டும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல வண்டிகளில் அது கிடையாது! பட்டனை அமுக்கினால் இன்ஜின் ஏறக்குறைய நிற்கிற அளவுக்குத் தணியும். அந்த நேரம் பார்த்து ஸ்பார்க்கை முன்கூட்டிக் கொடுப்பார்கள். பிஸ்டன் வந்த வழியே திரும்பி, இன்ஜின் தலைகீழாகச் சுற்றத் தொடங்கும், வண்டி பின்னால் வரும். டூ-ஸ்ட்ரோக்குக்கு எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒன்றுதான். ஒரு கியர்கூடச் சேர்க்காமல் கிடைத்த ரிவர்ஸ். நான் பார்த்த எடைக்குறைப்பிலேயே இதுதான் அழகு.

எல்லா எடைக்குறைப்பும் இப்படி அமையாது. இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு புது மாடல் வந்தது. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். பழையதைவிட இலேசு, வேகம். ஒரு நாள் மாலை, மேலே ஒரு வண்டி நின்றுவிட்டது, பிளக் மாற்ற வேண்டும். பழைய வண்டியில் பக்கக் கதவைத் திறந்தால் பிளக் கைக்கு எட்டும், மூன்று நிமிட வேலை. இதில் எல்லாவற்றையும் நெருக்கி அடைத்திருந்தார்கள். முதலில் சைலன்சர் பைப்பின் ஸ்பிரிங்குகளை இழுத்துக் கழற்ற வேண்டும், அப்புறம் காற்றுப்பெட்டி, அதற்கும் மூன்று அளவில் ஸ்க்ரூ. கையுறையோடு விரல் நுழையவில்லை. கழற்றினால் இரும்பில் தோல் ஒட்டுகிறது. ஒரு ஸ்க்ரூ கைநழுவிப் பனியில் விழுந்தது. பனியில் விழுந்தது போனதுதான், ஓட்டைகூடத் தெரியாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வரைபடம் போட்டவர் சூடான அறையில், வண்டியை மேடையில் ஏற்றி வைத்து, நாலு பக்கமும் சுற்றி வந்து போட்டிருப்பார். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு தடவை கையுறை மாட்டிக்கொண்டு பிளக்கைக் கழற்றிப் பார்த்திருக்கலாம்.

நல்லபடி யோசித்த வண்டியும் உண்டு. மூடியின் திருகு கால் திருப்பில் விடும், விட்டாலும் மூடியோடே தொங்கும், கீழே விழாது. போல்ட் எல்லாம் பத்து, பதிமூன்று என்று இரண்டு ஸ்பேனரில் முடியும். கிளட்ச் பெல்ட் ஸ்பேர் ஒன்று மூடிக்குள்ளேயே மாட்டியிருக்கும். பெல்ட் என்றதும் கியர் இல்லாத நம் ஸ்கூட்டரை நினைத்துக்கொள்ளுங்கள், அதே தத்துவம். இரண்டு புல்லி, ஒன்று விரிய ஒன்று சுருங்கும். உயரம் கூடி இன்ஜின் பலம் குறைந்தால் முன் புல்லியில் இலேசான எடையைப் போடுவோம். பெல்ட் அறுந்தால் மாற்றிவிடலாம். ஆனால் பழைய பெல்ட்டின் நார் புல்லிக்குப் பின்னால் சுற்றியிருக்கும், அதை முழுக்க எடுக்காமல் புதியதைப் போட்டால் அதுவும் போய்விடும். அவசரக்காரர்களிடம் இரண்டு பெல்ட் வாங்கி வரச் சொல்வேன்.

இவ்வளவு கேட்டபின் யாராவது ஒன்றை இங்கே கொண்டுவந்து ரோட்டில் ஓட்டலாம் என்று நினைத்தால், வேண்டாம். ட்ராக் உரசி ஓடும் பிளாஸ்டிக் பட்டைக்குப் பனிதான் எண்ணெய், ரேடியேட்டருக்குத் தண்ணீரும் பனிதான். ட்ராக் அள்ளி எறியும் பனி அடியில் பட்டுத்தான் இன்ஜின் குளிர்கிறது. தார் ரோட்டில் கொஞ்ச தூரத்திலேயே பட்டை உருகிவிடும். அவலாஞ்சிக்குக் கொண்டுபோனாலும் பயனில்லை. இங்கிலீஷில் அது பனிச்சரிவைக் குறிக்கும் சொல்தான், ஆனால் இங்கே அந்தப் பேர் மண்சரிவில் வந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், ஒரு நிமிடம் இருக்கிறது. முதல் குளிர்காலத்தில் தினமும் காலையில் பெல்ட் கருகி நாற்றம் வரும். ஏன் என்று எங்களுக்கு விளங்கவில்லை. அங்கே ஒரு உள்ளூர்ப் பெரியவர் பார்த்துவிட்டு, இரண்டு பலகையைக் கொண்டுவந்து ட்ராக்குக்கு அடியில் போட்டார். இரவில் ட்ராக் தரையோடு உறைந்துபோகிறது, காலையில் ஆக்சிலரேட்டரை அமுக்கினால் ட்ராக் நகராது, பெல்ட்தான் தேயும். மறுநாளிலிருந்து பலகை மேல்தான் வண்டியை நிறுத்தினோம். பலகை மறந்த நாளில் இரண்டு பேர் பின்பக்கத்தைத் தூக்கி, ட்ராக்கைக் காலால் நாலு உதை உதைத்த பிறகுதான் ஸ்டார்ட் செய்வோம்.

வணக்கம்.