இலங்கைப் படைக்கு நம் காசில் பயிற்சி: வருகிறவர்களின் பின்னணியை யார், எங்கே சோதிக்கிறார்கள்?

[காட்சி: காரைக்கால் மீன்பிடித் துறைமுகம், விசைப்படகுகள்]

2025 ஜனவரி 28, விடியும் முன். நெடுந்தீவுக்கு அருகே காரைக்கால் மீனவர்கள் 13 பேரை இலங்கைக் கடற்படை பிடித்தபோது துப்பாக்கி வெடித்தது. ஐந்து பேருக்குக் காயம். அதில் இருவருக்குப் பலத்த காயம். டெல்லி இலங்கையின் பொறுப்புத் தூதரை அழைத்துக் கண்டித்தது.

அதே கடற்படையின் அதிகாரிகள் இந்தியாவுக்கு வந்து பயிற்சி எடுக்கிறார்கள். அதற்கான செலவில் பெரும்பகுதி இந்திய அரசுடையது. அதாவது கோடியக்கரையிலும் அக்கரைப்பேட்டையிலும் டீசல் போடுகிறவர் கட்டும் வரியும் அதில் சேர்ந்திருக்கிறது.

[காட்சி: ராணுவ அதிகாரிகள் கல்லூரி உள்ள குன்னூர் வெலிங்டன், வரைபடம்]

வெளிநாட்டவருக்குப் பயிற்சி தர 1964-ல் ஐடெக் என்ற திட்டம் தொடங்கியது. நடத்துவது வெளியுறவு அமைச்சகம். சிவில் படிப்போடு ராணுவப் படிப்பும் அதில் உண்டு. அதிக இடங்கள் பெறும் நாடுகளில் இலங்கையும் ஒன்று.

தமிழ்நாட்டில் எதிர்ப்பு வராமல் இல்லை. 2012-ல் தாம்பரத்தில் இலங்கை விமானப்படையினருக்குப் பயிற்சி தருவதை முதல்வர் ஜெயலலிதா எதிர்த்தார். அவர்களை பெங்களூரு எலகங்காவுக்கு மாற்றினார்கள். இடம் மாறியதே தவிர பயிற்சி நிற்கவில்லை. யாருக்குத் தருகிறோம் என்ற கேள்வியை அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

ஏன் கேட்க வேண்டும்? 2008, 2009-ல் கொழும்பு வட்டாரத்தில் 11 பேரைக் கடத்திக் காணாமல் ஆக்கிய வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் கடற்படையினர். அன்றைய கடற்படைத் தளபதி மீதும் குற்றச்சாட்டு பதிவாகி, 2021-ல் அரசுத் தரப்பே அதைத் தொடராமல் விட்டது. 2025 மார்ச்சில் பிரிட்டன் அவர் மீது தடை விதித்தது. 2015-ல் வெளிவந்த ஐ.நா. விசாரணை அறிக்கை, சட்டவிரோதக் கொலை, சித்திரவதை, பாலியல் வன்முறை ஆகியவற்றை இலங்கைப் படையினர் செய்ததாக நம்ப நியாயமான காரணங்கள் உண்டு என்றது. புலிகளின் குற்றங்களையும் அதே அறிக்கை பதிவு செய்தது.

சரி, வேறு நாடுகள் என்ன செய்கின்றன? அமெரிக்காவில் 1997 முதல் லேஹி சட்டம் இருக்கிறது. ஒரு வெளிநாட்டுப் படைப்பிரிவு கொடிய மனித உரிமை மீறல் செய்ததாக நம்பத்தகுந்த தகவல் இருந்தால் அந்தப் பிரிவுக்கு உதவி கிடையாது. குற்றவாளிகளைத் தண்டிக்க அந்த அரசு உண்மையாக நடவடிக்கை எடுத்தால் மட்டும் விலக்கு. எல்லா நாட்டிடமும் ஒரே கண்டிப்பு காட்டவில்லை என்ற விமர்சனம் பழையது, நியாயமானதும்கூட. ஆனாலும் படையை மொத்தமாகப் பார்க்காமல், பிரிவு வாரியாக, ஆள் வாரியாகச் சோதிக்கும் முறை எனக்குச் சரியாகப் படுகிறது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை.

'பயிற்சியை நிறுத்தினால் சீனா அந்த இடத்தைப் பிடிக்கும்' என்பார்கள். அந்தக் கவலை பொய்யில்லை. ஆனால் நான் நிறுத்தச் சொல்லவில்லை. பெயர்ப்பட்டியலைப் பார்த்த பிறகு தரச் சொல்கிறேன்.

அப்புறம், நம் இழுவைமடியால் யாழ்ப்பாணத் தமிழ் மீனவர்களின் வலைகள் நாசமாவதும் உண்மை. அதற்கு எல்லையிலும் நீதிமன்றத்திலும் தீர்வு உண்டு, துப்பாக்கியில் இல்லை.

[காட்சி: நாடாளுமன்றம்]

இந்தப் பெயர்ப்பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால், வெளிநாட்டு உறவைப் பாதிக்கும் தகவல் என்று 8(1)(அ) பிரிவைக் காட்டி மறுக்க இடம் இருக்கிறது. ஆகவே நாகப்பட்டினம், மயிலாடுதுறை, தஞ்சாவூர், புதுச்சேரி எம்.பி.க்கள் கேள்வி நேரத்தில் இதை எழுப்பலாம்: போன ஆண்டு வந்த அதிகாரிகள் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர்கள், அவர்களின் பின்னணியை யார் பார்த்தார்கள், யாரையாவது திருப்பி அனுப்பியது உண்டா?