மூட்டையும் சீட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் என் அண்ணன் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். கைப்பேசியை நீட்டி, "அத்தை, பாருங்க, நானும் பிட்காயின் வாங்கிட்டேன்" என்றான். 5,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தான். முழு பிட்காயினை வாங்க லட்சக்கணக்கில் பணம் வேண்டும். ஆனால் ஒரு பிட்காயினை 10 கோடித் துண்டுகளாகப் பிரிக்க முடியும் என்பதால் சிறு தொகைக்கும் வாங்கலாம். "சரி, நீ வாங்கினது இப்ப எங்கே இருக்கு?" என்று கேட்டேன். "இதுலதான்" என்று செயலியைத் தட்டிக் காட்டினான். அந்தப் பதில் எனக்குக் கவலையாக இருந்தது. அன்று அவனுக்குச் சொன்னதை இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

நான் ஈரோட்டில் பல வருடங்களாகக் கணக்குத் தணிக்கை செய்கிறேன். எங்கள் ஊரில் மஞ்சள் விவசாயி மூட்டைகளை மண்டியில் இறக்கிவிட்டு ஒரு சீட்டு வாங்கிக்கொள்வார். விலை சரியில்லை என்றால் மாதக்கணக்கில் காத்திருப்பார். அத்தனை நாளும் அவர் கையில் இருப்பது சீட்டு, மூட்டை இருப்பது மண்டிக்காரரின் கிடங்கில். பிட்காயின் போன்ற டிஜிட்டல் நாணயங்களைச் செயலி வழியாக வாங்கி விற்கும் சந்தைக்குப் பெயர் கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச். அதைப் புரிந்துகொள்ள இந்த வித்தியாசம் ஒன்று போதும்.

செயலியில் கணக்குத் தொடங்கும்போது பான் எண், ஆதார், முகப் படம் எல்லாம் கேட்பார்கள். கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை. 2023 மார்ச்சிலிருந்து இந்த எக்ஸ்சேஞ்சுகள் பண மோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மத்திய நிதி அமைச்சகத்தின் நிதி உளவுப் பிரிவில் அவை பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் வங்கியிலிருந்து ரூபாயை அனுப்புகிறீர்கள், அது உங்கள் பெயரில் வரவாகிறது.

இனி விலைக்கு வருவோம். அந்த விலையை எக்ஸ்சேஞ்ச்காரர்தான் நிர்ணயிக்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். ஆர்டர் புக் உள்ள எக்ஸ்சேஞ்சில் அப்படி இல்லை. கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. எக்ஸ்சேஞ்சில் எல்லாம் வெளிப்படை. வாங்க வந்தவர்கள் என்ன விலைக்கு எவ்வளவு கேட்கிறார்கள், விற்க வந்தவர்கள் என்ன விலைக்கு எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று இரண்டு வரிசை திரையில் ஓடும். அதற்குப் பெயர்தான் ஆர்டர் புக். இரண்டு பக்கமும் விலை பொருந்துகிற இடத்தில் வியாபாரம் முடிகிறது. கடைசியாக முடிந்த விலைதான் நீங்கள் பார்க்கும் 'இன்றைய விலை'.

புதிதாக வருபவர்கள் கைப்பணத்தை விடுவது இங்கேதான். ஒரு நாணயம் 100 ரூபாய் என்று திரை காட்டுகிறது. உங்களுக்கு 20 வேண்டும். ஆனால் 100 ரூபாய்க்கு விற்க 5 நாணயம்தான் வரிசையில் இருக்கிறது. அடுத்த 10 நாணயம் 101 ரூபாய்க்கு. அதற்கு மேல் 104 ரூபாய்க்குத்தான் கிடைக்கும். 'மார்க்கெட் ஆர்டர்' போட்டால், கிடைக்கிற விலைக்கு உடனே வாங்கு என்று சொன்னதாக அர்த்தம். 5 நாணயத்துக்கு 500, பத்துக்கு 1,010, மீதி ஐந்துக்கு 520. மொத்தம் 2,030 ரூபாய். 2,000 ஆகும் என்று நினைத்தீர்கள், 30 ரூபாய் கூடுதலாகப் போய்விட்டது. எக்ஸ்சேஞ்சின் கட்டணம் தனி. 'லிமிட் ஆர்டர்' போட்டிருந்தால், 100 ரூபாய்க்கு மேல் வேண்டாம் என்று அது வரிசையில் காத்திருக்கும். ஆள் நடமாட்டம் குறைந்த சின்ன நாணயங்களில் இந்த இடைவெளி இன்னும் பெரிதாக இருக்கும். அதனால் 'வாங்கு' பொத்தானை அழுத்துமுன் ஆர்டர் புக்கை ஒருமுறை பாருங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

வாங்கியாகிவிட்டது. பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் என்ன நடந்தது? ஒன்றுமே நடக்கவில்லை. என் அண்ணன் மகன் நம்ப மறுத்தது இதைத்தான். பிட்காயினின் பொதுப் பதிவேட்டில் சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு பக்கம்தான் சேரும். நொடிக்கு ஆயிரக்கணக்கான வியாபாரத்தை அதில் எழுத முடியாது. அதனால் எக்ஸ்சேஞ்ச் தன் சொந்தக் கணக்குப் புத்தகத்தில் விற்றவர் பெயரில் குறைத்து, வாங்கியவர் பெயரில் கூட்டிவிடுகிறது. உண்மையான நாணயம் எக்ஸ்சேஞ்சின் பெட்டகத்திலேயே கிடக்கிறது. அந்தப் பெட்டகத்தின் ரகசியச் சாவியும் அவர்களிடம்தான். அன்றாடத் தேவைக்குக் கொஞ்சத்தை இணையத்தோடு இணைந்த 'ஹாட் வாலட்'டிலும், பெரும்பகுதியை இணையத் தொடர்பில்லாத 'கோல்டு வாலட்'டிலும் வைப்பது வழக்கம். உங்கள் திரையில் தெரியும் எண், சீட்டு.

பங்குச் சந்தையிலும் எல்லாம் எண்தானே என்று கேட்கலாம். ஆனால் அங்கே சந்தை ஒருவர், தரகர் இன்னொருவர், பங்குகளைக் காப்பது என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். என்ற தனி நிறுவனங்கள். வங்கி திவாலானால்கூட 5 லட்சம் ரூபாய் வரை வைப்புத்தொகைக்குக் காப்பீடு உண்டு. கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் பெரும்பாலும் சந்தையும் தரகரும் கிடங்கும் ஒரே கூரைக்குள். அந்த 5 லட்சக் காப்பீடும் இதற்குக் கிடையாது. தணிக்கை செய்து பழகிய எனக்கு, காசு வாங்குபவரும் கணக்கு எழுதுபவரும் காவல் இருப்பவரும் ஒரே ஆள் என்றால் மனது ஒப்பாது.

ஏன் என்பதற்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒருகாலத்தில் உலகின் மிகப் பெரிய பிட்காயின் எக்ஸ்சேஞ்சாக இருந்தது டோக்கியோவில் இயங்கிய மவுண்ட் காக்ஸ். 2014 பிப்ரவரியில் சுமார் 8,50,000 பிட்காயின்களைக் காணோம் என்று சொல்லி அது நீதிமன்றத்துக்குப் போனது. இரண்டு லட்சம் பிறகு கிடைத்தது. வாடிக்கையாளர்களுக்கு நாணயத்தைத் திருப்பித் தரத் தொடங்கவே 2024 ஆகிவிட்டது. பஹாமாஸில் இருந்த எஃப்.டி.எக்ஸ். கதை வேறு மாதிரி. வாடிக்கையாளர்களின் பணம் நிறுவனருடைய இன்னொரு நிறுவனத்துக்குப் போயிருந்தது. 2022 நவம்பரில் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தைக் கேட்டபோது கொடுக்க இல்லை. நிறுவனருக்கு 25 வருடச் சிறைத் தண்டனை.

நம் நாட்டில் 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சின் ஒரு பெட்டகத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்டன. பலர் கையெழுத்துப் போட்டால்தான் திறக்கும் பெட்டகம் அது. திரையில் தெரிந்தது ஒன்று, கையெழுத்தானது வேறொன்று என்று நிறுவனம் முதலில் விளக்கம் தந்தது. வட கொரியாவுடன் தொடர்புள்ள குழுவே காரணம் என்று பிறகு அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா மூன்றும் சேர்ந்து அறிவித்தன. வாடிக்கையாளர் கணக்குகள் ஒரு வருடத்துக்கு மேல் முடங்கின.

அப்படி முடங்கியவர்களில் ஒரு பெண்மணி சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 3,500-க்கும் மேற்பட்ட எக்ஸ்.ஆர்.பி. நாணயங்கள் அவருடையவை. திருடு போனது வேறு வகை நாணயம், என்னுடையதை ஏன் முடக்க வேண்டும் என்பது அவர் வாதம். 2025 அக்டோபரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் சொத்துதான், மற்றவருக்காக நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கக்கூடியதுதான் என்று சொன்னார். எனக்கு இது மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது. கிடங்கில் இருக்கும் மூட்டை யாருடையது என்ற கேள்வியை நம் ஊர் நீதிமன்றம் நேராக எடுத்துப் பேசியிருக்கிறது.

வரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லாபத்துக்கு 30 சதவீத வரி. விற்கும்போது 1 சதவீதம் டி.டி.எஸ். ஒரு நாணயத்தில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது.

வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் யாரோ அனுப்பும் இணைப்பில் இருக்கும் 'எக்ஸ்சேஞ்ச்' பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே லாபம் தினமும் ஏறும். பணத்தை எடுக்கப் போனால் முதலில் வரி கட்டு, கட்டணம் கட்டு என்பார்கள். அந்தக் கிடங்கில் மூட்டையே கிடையாது, சீட்டு மட்டும்தான். ஏமாந்தால் வெட்கப்படாமல் அன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். நேரம் போகப் போகப் பணம் கைக்கு எட்டாமல் போய்விடும்.

என் அண்ணன் மகன் விடவில்லை. "அப்ப மூட்டையை நானே எடுத்துக்க முடியாதா அத்தை?" என்றான். முடியும். சில செயலிகள் அந்த வசதியைத் தருவதில்லை, அவன் செயலியில் இருந்தது. கைப்பேசியிலேயே சொந்த வாலட் ஒன்றைத் திறந்தான். அது கொடுத்த 12 ஆங்கிலச் சொற்களைத் தாளில் எழுதினான். அந்தச் சொற்கள்தான் சாவி. தொலைத்தால் எந்த வாடிக்கையாளர் சேவையும் மீட்டுத் தராது, வேறு யார் கையிலாவது கிடைத்தால் நாணயம் அவருடையது. அந்த வாலட்டின் முகவரியை இரண்டு தடவை சரிபார்த்து, கொஞ்சத்தை மட்டும் அனுப்பச் சொன்னேன். கட்டணம் போக மீதி வந்து சேர 20 நிமிடம் ஆனது. இந்த முறைதான் பிளாக்செயினில் அவன் வாலட் முகவரிக்கென்று ஒரு பதிவு விழுந்தது.

பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அண்ணி, "இந்தத் தாளை எங்கே வைக்கிறது?" என்று கேட்டார். இப்போதைக்கு அது தோட்டத்துப் பத்திரத்தோடு இரும்புப் பெட்டியில் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.