மாங்காய்க் குவியலும் பனிஹால் மலையும்

(கிருஷ்ணகிரியில் லாரி ஓட்டுநர்கள் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் கரகரக்கிறது, பரவாயில்லை. இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகியவன்தான் நான்.

வெளியே போகிற நம் ரோடு 44-ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை. தெற்கே போனால் காவேரிப்பட்டணம், தருமபுரி, தொப்பூர், கடைசியில் கன்னியாகுமரி. வடக்கே? ஓசூர் என்பீர்கள். விடாமல் போங்கள், ஸ்ரீநகர் வரும். அதற்கு முன்னால் பீர் பஞ்சால் மலை குறுக்கே நிற்கும். அதில் பனிஹால் கணவாய் 2,832 மீட்டர் உயரம். அதைப் பார்த்த பிறகு தொப்பூர் கணவாய் எனக்கு வரப்பு மேடாகத்தான் தெரிந்தது.

1994-ல் கிளீனராக முதல் தடவை போனேன். இங்கிருந்து மாம்பழக்கூழ் டின், திரும்பும்போது ஆப்பிள். அப்போது அந்த மலையைக் கடக்க ஜவஹர் சுரங்கம் ஒன்றுதான். 1956-ல் திறந்தது, 2.85 கிலோமீட்டர். உள்ளே டீசல் புகை. "மூக்குல துண்டைக் கட்டுடா" என்றார் டிரைவர் அண்ணன். கட்டியும் கண் எரிந்தது.

ஆனால் சுரங்கத்துக்குள் நாங்கள் மாட்டவில்லை. அதற்கு ஏறுகிற ரோடு பனியில் மூடிக்கொண்டது. ஆப்பிள் லோடோடு, மலைக்குக் காஷ்மீர்ப் பக்கம் இருக்கிற காஜிகுண்டில் ஒன்பது நாள் நின்றோம். ஆறாம் நாள் தார்ப்பாயைத் தூக்கினேன், கள்ளுக்கடை வாசம். மரப்பெட்டி இடுக்கில் சாறு ஒழுகி உறைந்திருந்தது.

சுரங்கம் இருந்தும் ஏன் பனியில் மாட்டினோம்? மண்டியில் மாங்காய் குவித்திருக்கிறார்கள் இல்லையா, அதன் உச்சிக்குப் பக்கத்தில் கோணி ஊசியைக் குத்தினால் மறுபக்கம் வந்துவிடும். அடியில் குத்தினால் கடப்பாரைகூடப் போதாது. மலையும் அதே கணக்குதான். 1956-ல் மேலே, 2,194 மீட்டரில் துளைத்தார்கள். துளை குட்டை, ஆனால் லாரி பனிக்குள் ஏறியாக வேண்டும். 2021-ல் போக்குவரத்துக்கு விட்ட பனிஹால் – காஜிகுண்ட் சுரங்கம் சுமார் 400 மீட்டர் கீழே. அதனால்தான் நீளம் 8.45 கிலோமீட்டர். 16 கிலோமீட்டர் தூரம் குறைந்தது என்கிறார்கள். ஏறாமல் தப்பித்த அந்த 400 மீட்டர்தான் எனக்குப் பெரிது.

கல் குவாரிக்கு லோடு அடிக்கிறவர்களுக்குத் துளை போட்டு வெடி வைப்பது தெரியும். குவாரியில் தலைக்கு மேலே வானம். சுரங்கத்தில் மலை. அதனால் ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் கல்லை அள்ளி, கூரையில் சிமெண்ட் கலவையைப் பீய்ச்சி, நீளக் கம்பிகளைப் பாறைக்குள் செருகி இறுக்கின பிறகுதான் அடுத்த வெடி. மண்ணும் தண்ணீரும் கலந்த இடம் வந்தால் அதோகதி. மணாலிக்கு அந்தப் பக்கம், ரோத்தாங் மலைக்குக் கீழே 9.02 கிலோமீட்டர் சுரங்கத்தில் 587 மீட்டர் மட்டும் ஏறக்குறைய நாலு வருஷம் இழுத்தது.

சரி, பனிஹாலில் புதுச் சுரங்கம் வந்ததும் எல்லாம் தீர்ந்ததா? 2025 ஆகஸ்ட் கடைசியில் மழை அங்கே நம் 44-ம் ரோட்டையே அரித்தது. ஆப்பிள் லாரிகள் மறுபடி வரிசையில் நின்று அழுகின.

அப்புறம், அங்கே போகிறவர்களுக்கு ஒன்று. புதுச் சுரங்கத்தில் இரண்டு குழாய். ஒன்றிலிருந்து மற்றதுக்கு நடந்து தப்பிக்க இடையிடையே குறுக்கு வழி உண்டு. வண்டி புகைந்தால் ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு அந்த வழியாக நடங்கள். லோடைத் திரும்பிப் பார்க்காதீர்கள்.

சாவியை எதற்கு விடணும் என்று பின்வரிசையில் ஒரு தம்பி கேட்கிறார். தீயணைக்க வருகிறவர்கள் வண்டியை நகர்த்த வேண்டாமா, தம்பி?