உங்க படம் பேப்பர்ல வந்திருக்கா? முதல்ல அந்தப் பேப்பரை வாங்கி வைங்க

வணக்கம். நீங்க ஃபோன்ல எடுத்து ஃபேஸ்புக்ல போட்ட படம், மறுநாள் காலையில பேப்பர்ல மூணு பத்தி அகலத்துக்கு வந்திருக்கு. யாரும் உங்களைக் கேக்கல. கீழ ‘படம்: சமூக வலைதளம்’னு ஒரு வரி, அவ்வளவுதான். வெள்ளம், விபத்து, ஊருக்குள்ள வந்த சிறுத்தை, இந்த மாதிரி படங்களுக்குத்தான் இது பெரும்பாலும் நடக்குது. அந்த இடத்துல அவங்க போட்டோகிராஃபர் இருந்திருக்க மாட்டார், நீங்க இருந்திருப்பீங்க.

கோபத்துல உடனே ஸ்டேட்டஸ் போடாதீங்க. கடைக்குப் போய் அந்தப் பேப்பர் ரெண்டு பிரதி வாங்குங்க. மதுரைப் பதிப்புல வந்த படம் நெல்லைப் பதிப்புல இல்லாமப் போகலாம். இணையதளத்துல வந்திருந்தா, நீங்க சத்தம் போட்ட அஞ்சு நிமிஷத்துல அவங்க படத்தை மாத்திடலாம். அதனால முகவரியும் நேரமும் தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்க, இணையப் பக்கங்களை அன்னிக்கு இருந்தபடியே சேர்த்து வைக்கற வேபேக் மெஷின் தளத்துலயும் அந்தப் பக்கத்தைச் சேமிங்க. பேப்பர்ல படத்தை மட்டும் வெட்டி எடுக்காதீங்க, முழுசா வைங்க. இதோ பாருங்க, பக்கத்தோட தலைப்புல தேதி, பதிப்பு, பக்க எண் இருக்கு. இப்படிக் கடைசிப் பக்கத்துக்குத் திருப்பினா, அடியில பொடி எழுத்துல ரெண்டு வரி ஓடுது. அச்சிட்டு வெளியிடுபவர் யாரு, ஆசிரியர் யாரு, எந்த முகவரின்னு அதுலதான் இருக்கு. உங்க கடிதம் போக வேண்டிய முகவரி அது. நிருபரோட வாட்ஸப் நம்பருக்கு அனுப்பி ஒரு பிரயோஜனமும் இல்ல.

அடுத்தது, படம் உங்களோடதுன்னு காட்டணும். ஃபோன்ல இருக்கற ஒரிஜினல் ஃபைலைத் தொடாம அப்படியே கம்ப்யூட்டருக்குக் கேபிள் வழியா எடுங்க. வாட்ஸப்ல சாதாரணப் படமா அனுப்பி எடுத்தீங்கன்னா சுருங்கிடும், எடுத்த தேதி, நேரம், கேமரா மாடல் எல்லாம் அழிஞ்சுடும். இதை விடப் பெரிய சாட்சி ஒண்ணு இருக்கு, நிறைய பேர் அதை டெலீட் பண்ணிடறாங்க: அதே இடத்துல முன்னாடி எடுத்த ரெண்டு படம், பின்னாடி எடுத்த ரெண்டு படம். கலங்கலா இருந்தாலும் வைங்க. உங்க போஸ்ட்ல இருந்து எடுத்தவர்கிட்ட அந்த ஒரு படம்தான் இருக்கும். அதே மாதிரி, படத்தைக் கொஞ்சம் வெட்டிட்டுப் போஸ்ட் பண்ணியிருந்தீங்கன்னா, வெட்டின ஓரம் உங்ககிட்ட மட்டும்தான் இருக்கும்.

இப்ப சட்டம். இந்தியாவுல 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, படம் எடுத்தவர்தான் அதைப் படைச்சவர். பதிவு செய்யணும்னு கட்டாயம் இல்ல, ஷட்டர் அழுத்தின நிமிஷமே உரிமை வந்துடுது. ஒரு விதிவிலக்கை மட்டும் மனசுல வைங்க. காசு கொடுத்து ஒருத்தர் எடுக்கச் சொன்ன படம்னா, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரைக்கும் முதல் உரிமை காசு கொடுத்தவருக்கு. கல்யாணப் படம் பேப்பர்ல வந்துட்டா, உரிமை கேட்டுக் கடிதம் எழுத வேண்டியது ஸ்டூடியோக்காரர் இல்ல, கல்யாண வீட்டுக்காரங்க.

பேப்பர் பக்கத்துல இருந்து ரெண்டு பதில் வரும். ஒண்ணு, “நீங்கதானே எல்லாரும் பாக்கற மாதிரி போட்டீங்க?” இந்த வாதத்தை அமெரிக்க நீதிமன்றம் ஒண்ணு விரிவா விசாரிச்சிருக்கு. 2010 ஜனவரியில ஹைட்டி பூகம்பம் நடந்தப்ப, டேனியல் மொரெல்னு அந்த ஊர்ப் புகைப்படக்காரர் எடுத்த படங்களை ட்விட்டர் வழியாப் போட்டார். ஏஎஃப்பி செய்தி நிறுவனம் எடுத்து விநியோகம் பண்ணிச்சு, படம் விக்கற கெட்டி இமேஜஸ் நிறுவனமும் வித்துது. ட்விட்டர் விதிகள் எங்களுக்கும் அனுமதி தருதுன்னு ஏஎஃப்பி வாதாடினதை 2013-ல நீதிபதி ஏத்துக்கல. அதே வருஷம் நவம்பர்ல ஜூரி ரெண்டு நிறுவனமும் சேர்ந்து 12 லட்சம் டாலர் கொடுக்கணும்னு சொல்லிச்சு. அவர் தொழில்முறைக்காரர்தான், ஆனா அந்த வாதம் அப்படியே உங்களுக்கும் பொருந்தும். நம்ம கோர்ட்டை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனா நீங்க தளத்துக்குக் கொடுக்கற அனுமதி, தளத்தைப் பாக்கற எல்லாருக்கும் கொடுத்ததாகாது.

ரெண்டாவது பதில், “இது செய்தி.” இதைத்தான் கவனமாப் பாக்கணும். நடப்பு நிகழ்வைச் செய்தியாக்க நியாயமான அளவு பயன்படுத்தலாம்னு நம்ம சட்டத்துல 52-ஆவது பிரிவு சொல்லுது. பிரிட்டன் சட்டத்துல இதே விலக்குல இருந்து புகைப்படத்தைத் தனியா எடுத்து வெச்சுட்டாங்க. நம்ம சட்டத்துல அப்படி எடுக்கல. அதனால பேப்பர் இங்க இதைச் சொல்ல இடம் இருக்கு. உங்க படமே வைரலாகி அதைப் பத்தின செய்தின்னா அவங்க கை ஓங்கும். ஆறு மாசம் கழிச்சு வேற ஒரு கட்டுரைக்கு அலங்காரமா அதே சிறுத்தையைப் போட்டா, உங்க கை ஓங்கும். எதுவா இருந்தாலும் ‘நன்றி: முகநூல்’ங்கறது அனுமதி ஆகாது, முகநூல் படம் எடுக்கல. படம் என்னோடதுன்னு சொல்லிக்கற உரிமை 57-ஆவது பிரிவுல தனியா இருக்கு. மூலையில இருந்த உங்க பெயரைத் தெரிஞ்சே வெட்டியிருந்தா 65பி பிரிவுல குற்றமாகவும் ஆகலாம். அதனால பேப்பர்ல வந்த படத்தோட ஓரத்தை உத்துப் பாருங்க.

கடிதம் ஒரு பக்கம் போதும். எந்தத் தேதி, எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம், படம் எத்தனை பத்தி அகலம், நீங்க எப்ப, எங்க எடுத்தீங்க. பிறகு என்ன வேணும்னு தெளிவா: பெயரோட திருத்தம், இணையத்துல இருந்து நீக்கம், இத்தனை ரூபாய் கட்டணம். தொகையை எழுதாம ‘தகுந்த இழப்பீடு’ன்னு எழுதினா பதில் இழுக்கும். 15 நாள் கெடு கொடுங்க. ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீதை வைங்க, மின்னஞ்சலும் அனுப்புங்க. ஒரிஜினல் ஃபைலைச் சேர்க்காதீங்க, சின்ன அளவுப் பிரதி போதும். முதல் கடிதத்துலயே ஜெயில்னு மிரட்ட வேண்டாம், நேரா வக்கீல்கிட்ட போயிடும், அப்புறம் பேச்சு நின்னுடும்.

பதில் இல்லன்னா இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். நாளிதழ், வார இதழ்னா வெளிவந்த 2 மாசத்துக்குள்ள போகணும், பேப்பரோட ஆசிரியருக்கு முன்னாடியே எழுதின கடிதத்தோட நகல் கட்டாயம். கவுன்சில் கண்டிக்கும், பணம் வாங்கித் தராது. பணம்னா கோர்ட்தான். 3 வருஷம் வரைக்கும் நேரம் இருக்கு, நீங்க குடியிருக்கற ஊரோட மாவட்ட நீதிமன்றத்துலயே போடலாம். ஆனா ஒரே ஒரு படத்துக்கு வழக்குச் செலவு, கிடைக்கற தொகையைத் தாண்டிடலாம். கணக்குப் போட்டுட்டு இறங்குங்க.

இனிமே போடற படத்துக்கு ஒரு விஷயம். நாளிதழ் அச்சுக்கு அங்குலத்துக்கு 200 பிக்சல் போதும். இன்ஸ்டாகிராமோட 1080 பிக்சல் படம் 5.4 அங்குலம் வரும், அது மூணு பத்திக்குத் தாராளம். 600-க்குக் குறைச்சுப் போடுங்க, ரெண்டு பத்தி தாண்டினாலே பிசிறடிக்கும். பெயரை மூலையில போடாம, படத்துல முக்கியமான பொருளை ஒட்டி மெல்லிசாப் போடுங்க.

நிருபர் இன்பாக்ஸ்ல “போட்டுக்கலாமா சார்?”னு கேட்டா, வெறும் “ஓகே” அனுப்பாதீங்க. இதை டைப் பண்ணி வைங்க: “இந்த ஒரு படம், நாளைய பதிப்புல ஒரு தடவை மட்டும், என் பெயரோட, இத்தனை ரூபாய். சம்மதம்னா பதில் அனுப்புங்க, பெரிய ஃபைல் தர்றேன்.”