அண்டாச் சோறும் ஒரு ஸ்கேன் அறிக்கையும்

விழாத் தலைவர் அவர்களே, அழைத்ததும் மறுக்காமல் வந்திருக்கும் நகராட்சித் தலைவர் அவர்களே, எனக்குப் பின் பேசவிருக்கும் புலவர் ஐயா அவர்களே, ஒலிபெருக்கியை மூன்று முறை சரிசெய்து தந்த தம்பி, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். புலவர் ஐயா இருக்கும் மேடையில் ஸ்கேன் மருத்துவன் தமிழ் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். பொறுத்தருள வேண்டும்.

முற்றிய நுரையீரல் புற்றுநோயைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல நினைத்திருக்கிறேன். ஒரே உடம்பில் ஓரிடத்தில் கேட்கும் மருந்து இன்னோரிடத்தில் ஏன் கேட்பதில்லை? அதை எப்படி அளக்கிறோம்? மூன்றாவது, மரபணுச் சோதனை.

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பார் என் பாட்டி. மாப்பிள்ளை வீட்டார் தண்ணீர் கொடுத்த விதத்தை வைத்தே சம்பந்தம் வேண்டாம் என்றவர். அந்தப் பழமொழி இந்த நோயிடம் தோற்றுவிட்டது. கட்டியின் செல்கள் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான். வளர வளர ஆளுக்கொரு குணம். சிஸ்பிளாட்டின் போன்ற மருந்து, வேகமாகப் பெருகும் செல்களைத்தான் அதிகம் அடிக்கும். உறங்கிக் கிடப்பவை தப்பிவிடும். இரத்த ஓட்டம் குறைந்த பகுதிக்கு மருந்து போய்ச் சேருவதே குறைவு. 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 1,155 பேருக்கு நான்கு விதமான மருந்துச் சேர்க்கைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டி கணிசமாகச் சுருங்கியது 19 சதவீதம் பேருக்குத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாணச் சமையல்காரர் என்னிடம் ஸ்கேனுக்கு வந்தார். மருந்து ஏற்றிய பிறகு, நுரையீரலில் 6 சென்டிமீட்டர் இருந்த கட்டி 3 ஆகியிருந்தது. கல்லீரலில் 2 இருந்தது 3 ஆகியிருந்தது. 2009-இல் திருத்திய உலக விதிப்படி இரண்டையும் கூட்ட வேண்டும். 8 இருந்தது 6 ஆயிற்று; 25 சதவீதம் குறைவு. 30 குறைந்தால்தான் 'சுருங்கியது' என்று எழுதலாம். ஆகவே 'ஸ்டேபிள் டிசீஸ்', அதாவது விதிப்படி சுருங்கியதாகவும் சொல்ல முடியாது, வளர்ந்ததாகவும் சொல்ல முடியாது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கல்லூரியில் படிக்கும் மருமகன் அதைப் படித்து, "நோய் நின்றுவிட்டது மாமா" என்று சொல்லிவிட்டான். அன்று மாலை தெருவுக்கெல்லாம் ஜாங்கிரி, அவர் கையால் பிழிந்தது. மறுநாள் எனக்கும் ஒரு பெட்டி வந்தது. அறிக்கையின் மூலையில் பாகு ஒட்டியிருந்தது.

படத்தை விளக்கில் மாட்டி இரண்டு இடங்களையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"ஐயா, வீட்டுப் பானைக்குத்தான் ஒரு சோறு பதம். கல்யாண அண்டாவில் அடியில் ஒன்று, ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று எடுத்துப் பார்ப்போம். அடி குழைந்திருக்கும், மேலே அரிசியாக நிற்கும். இரண்டையும் கூட்டிச் சரியான பதம் என்று நான் சொன்னால் பந்தியில் அடிக்க வருவார்கள்."

என்னை அவர் அடிக்கவில்லை. பெட்டியையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அதனால்தான் போகிற மேடையிலெல்லாம் கேட்கிறேன், அறிக்கையின் கீழே தமிழில் இரண்டு வரி எழுதினால் என்ன? 'நுரையீரலில் பாதியாகிவிட்டது. கல்லீரலில் வளர்ந்திருக்கிறது.' இதற்குக் கலைச்சொல் இல்லை என்கிறார்கள் என் சக மருத்துவர்கள். கல்லீரலுக்கா தமிழில் சொல் இல்லை? புலவர் ஐயா சிரிக்கிறார். நகராட்சித் தலைவர் குறித்துக்கொள்கிறார். நன்றி ஐயா, அதை மறந்துவிடாதீர்கள்.

மரபணுச் சோதனைக்கு வருகிறேன் என்றால், விழாத் தலைவர் துண்டுச் சீட்டை நகர்த்திவிட்டார். அந்தத் தமிழ் இரண்டு வரிக்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டுப் பேனாவை அங்கேயே வைத்துவிடுங்கள். சென்ற கூட்டத்தில் இரண்டு பேனாக்கள் போய்விட்டன.